ஊருக்கோர் இதழ்

உலகச் செய்திகளை அறிவதில் மக்களுக்கு ஆர்வம் மிகுதி. அடுத்த தெருச் செய்தியை அறிவதிலோ ஆர்வம் அதனினும் மிகுதி. தொலைநாடு ஒன்றில் அரசு கவிழ்ந்தது என்று நாளிதழ் கூறினால், படிப்போர் வியப்புறுவர். சில நாளில் மறந்தும்விடுவர். அண்டை வீட்டுச் சிறுமி பாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றாள் என்னும் செய்தியோ ஊர் முழுவதும் பரவும்; ஆண்டுகள் கடந்தும் பேசப்படும். ஆயினும், பெரிய நாளிதழ்களின் பக்கங்களில் அச்சிறுமிக்கு இடம் இல்லை. ஊர்ப் பாலம் பழுதுற்றதற்கும், முதிய ஆசிரியர் ஒருவர் மறைந்ததற்கும், பள்ளிக் குழந்தைகள் மரம் நட்டதற்கும் அங்கே இடம் இல்லை. இச்சிறு செய்திகளுக்கும் அச்சில் ஓர் இடம் வேண்டும் என்று கருதிய பொதுமக்கள் சிலர், ஊதியம் கருதாது தாமே இதழ் நடத்த முற்பட்டனர். அதனால் ஊர்ச் செய்தி வாழ்ந்ததோடு, நலிந்துவந்த மொழி ஒன்றும் ஊன்றுகோல் பெற்றது. இவ்வரலாறு நிகழ்ந்த இடம் வேல்ஸ் நாடு.

வேல்ஸ், பிரிட்டன் தீவின் மேற்கே உள்ள மலைநாடு. வடக்கே சிலேட்டுக்கல் வெட்டும் மலைகள். தெற்கே நிலக்கரி எடுத்த பள்ளத்தாக்குகள். இடையே ஆட்டுப்பண்ணைகள் நிறைந்த சிற்றூர்கள். அந்நாட்டின் பழைய மொழி வெல்ஷ். ஆங்கிலத்திற்கு அண்டையில் வாழ்ந்தாலும் அஃது ஆங்கிலத்தின் கிளைமொழி அன்று. கெல்டிக் இனத்தைச் சேர்ந்த தனிமொழி. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இலக்கிய வளம் உடையது. 1588ஆம் ஆண்டில் வில்லியம் மார்கன் என்னும் அறிஞர் விவிலியம் முழுவதையும் அம்மொழியில் பெயர்த்து வெளியிட்டார். அதனால் எழுத்து நடை ஒன்று நாடெங்கும் நிலைபெற்றது. உழவரும் கல்வெட்டும் தொழிலாளரும் வழிபாட்டுக் கூடங்களில் அந்நடையைக் கேட்டனர், படிக்கவும் கற்றனர்.

இத்துணைச் சிறப்புடைய மொழிக்கு அரசின் ஆதரவு கிட்டவில்லை. 1536ஆம் ஆண்டுச் சட்டம், வழக்குமன்றங்களிலும் ஆட்சித்துறையிலும் ஆங்கிலமே வழங்க வேண்டும் என்று விதித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிகளும் ஆங்கிலத்திலேயே கற்பித்தன. சில பள்ளிகளில் ஒரு கொடிய வழக்கமும் இருந்தது. வெல்ஷ் பேசிய மாணவன் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவர். வேறொரு மாணவன் வெல்ஷ் பேசக் கேட்டால், அவன் அதனை அம்மாணவனுக்கு மாற்றிவிடலாம். பள்ளி முடியும் வேளையில் அது யார் கழுத்தில் இருந்ததோ அவனுக்கு அடி விழும். தாய்மொழியைப் பேசுதல் குற்றம். தோழனைக் காட்டிக்கொடுத்தல் தப்பும் வழி! இளம் உள்ளங்களில் இவ்வழக்கம் எத்தகைய வடுவை விட்டிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அடியினும் கொடியது அதன் பின்விளைவு. அடுப்பங்கரையிலும் ஆட்டுப்பட்டியிலும் வெல்ஷ் பேசிய மக்கள், எழுதுகோலை எடுத்ததும் ஆங்கிலத்திற்கு மாறினர். கடிதம் எழுதினால் ஆங்கிலம். கணக்கு எழுதினால் ஆங்கிலம். தம் வெல்ஷ் பேச்சு வழக்கு. அச்சில் ஏறத் தகுதியற்றது என்று பலர் எண்ணினர். நாவில் மட்டும் வாழும் மொழிக்கு ஆயுள் குறைவு. தாத்தாவின் நாவில் நின்றது, தந்தையின் நாவில் தளர்ந்து, மகனின் காதில் மட்டும் தங்கி, பேரனிடம் இல்லாமற் போகும். மக்கள்தொகைக் கணக்குகள் இதனையே காட்டின. 1901இல் வேல்ஸ் மக்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் வெல்ஷ் பேசினர். 1961இல் அவர்கள் தொகை நூற்றுக்கு 26 ஆயிற்று. 1971இல் ஏறத்தாழ 21 ஆகக் குறைந்தது.

வெல்ஷ் மொழியில் இதழ்களே இல்லாமல் இல்லை. 1814ஆம் ஆண்டிலேயே ஸ்வான்சீ நகரில் அம்மொழியின் முதல் வார இதழ் தோன்றியது. 1859 முதல் டென்பி நகரிலிருந்து தாமஸ் ஜீ என்பவர் வெளியிட்ட இதழ் அரசியலிலும் சமயத்திலும் பெருஞ்செல்வாக்குப் பெற்று விளங்கியது. ஆனால், இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. நாளிதழ்கள் எல்லாம் ஆங்கிலத்தில் வந்தன. வானொலியும் தொலைக்காட்சியும் ஆங்கிலத்தை வீட்டின் நடுக்கூடத்திற்கே கொண்டுவந்தன. எஞ்சியிருந்த வெல்ஷ் வார இதழ்களுள் சில நாடு முழுவதற்கும் பொதுவானவை; அவற்றின் கட்டுரைகளுள் பல கற்றோர்க்கு உரியவை. சிற்றூரில் வாழும் ஆட்டுப்பண்ணைக்காரர் அவற்றைத் தமக்கு உரியவை என்று கருதவில்லை.

இந்நிலையில், 1962ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 13ஆம் நாள் சாண்டர்ஸ் லூயிஸ் என்னும் எழுத்தாளர் வானொலியில் ஓர் உரை நிகழ்த்தினார். நிலைமை இவ்வாறே நீடிக்குமாயின், இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெல்ஷ் உயிருள்ள மொழியாக இராது என்று அவர் எச்சரித்தார். அவ்வுரை நாட்டு மக்களை உலுக்கியது. இளைஞர் பலர் மொழி உரிமைக்காகக் கிளர்ந்தெழுந்தனர். சாலைப் பலகைகளிலும் அரசுப் படிவங்களிலும் வெல்ஷ் இடம்பெற வேண்டும் என்று போராடிச் சிறையும் சென்றனர். 1967இல் பாலா என்னும் ஊருக்கு அருகே பார்க் என்னும் சிற்றூர்ப் பெண்கள், ஆங்கிலத்தையே வற்புறுத்திய பழைய மகளிர் கழகத்தை விட்டு வெளியேறித் தமக்கென வெல்ஷ் மகளிர் இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். உரிமைக்குப் போராடுதல் ஒரு வழி. உரிமையைக் கையாண்டு காட்டுதல் மற்றொரு வழி. ஊர் இதழ்கள் இரண்டாம் வழியில் பிறந்தன.

1973ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தலைநகராகிய கார்டிஃபில் ஒரு சிறு மாத இதழ் தோன்றியது. அதன் பெயர் 'டினெசித்'. 'குடிமகன்' என்பது அதன் பொருள். கார்டிஃப் பெரிதும் ஆங்கிலம் வழங்கிய நகரம். வெல்ஷ் பேசுவோர் அங்கே ஒரு தெருவில் ஒருவரும் மறு தெருவில் ஒருவருமாகச் சிதறி வாழ்ந்தனர். ஒருவரை ஒருவர் அறியவும், எங்கே கூட்டம், எங்கே நாடகம், எங்கே வெல்ஷ் வழிப் பள்ளி என்று தெரிந்துகொள்ளவும் அவ்விதழ் உதவியது. பெருநகரில் தோன்றிய இவ்விதை சிற்றூர்களில்தான் செழித்து வளர்ந்தது. அடுத்த ஆண்டே பல ஊர்களில் இதழ்கள் முளைத்தன. இவற்றை வெல்ஷ் மக்கள் 'பாப்பிர் ப்ரோ' என்று அழைத்தனர். 'ப்ரோ' என்பது ஒருவர் தம் சொந்த ஊர், தம் வட்டாரம் என்று உரிமையோடு சொல்லும் நிலப்பகுதி. எனவே, அச்சொல்லின் பொருள் 'வட்டார இதழ்' என்பதாகும்.

1974இல் தோன்றியவற்றுள் ஒன்று பெத்தெஸ்டா என்னும் சிற்றூரின் இதழ். அவ்வூர் ஓக்வென் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ளது. அதற்கு எதிரே பென்ரின் சிலேட்டுச் சுரங்கம் மலையைப் படிக்கட்டுகளாக வெட்டி நிற்கிறது. அங்கு உழைத்த தொழிலாளர் எளியவர்; ஆனால், அறிவில் எளியவர் அல்லர். நண்பகல் உணவு வேளையில் சுரங்கத்துச் சிறு குடிலில் கூடுவர். உணவு உண்டபின் தலைவர் ஒருவரைத் தேர்ந்து, சொற்போர் நடத்துவர். பாட்டுப் போட்டி வைப்பர். சமயமும் அரசியலும் ஆராய்வர். யாவும் வெல்ஷ் மொழியிலேயே நிகழும். கூடி ஒரு செயலைச் செய்யும் பழக்கம் இவ்வாறு அவர்கள் குருதியில் ஊறியிருந்தது.

அவ்வூருக்கு ஒரு பழைய துயரமும் உண்டு. 1900 முதல் 1903 வரை மூன்றாண்டுகள் அச்சுரங்கத்தில் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. வறுமை தாளாது சிலர் வேலைக்குத் திரும்பினர். திரும்பாதவர்களோ, தம் வீட்டில் துரோகி இல்லை என்று வெல்ஷ் மொழியில் அச்சிட்ட அட்டையைச் சன்னலில் வைத்தனர். அட்டை உள்ள வீடு, அட்டை இல்லாத வீடு என்று ஊர் இரண்டாயிற்று. அப்பகை தலைமுறைகள் கடந்தும் நீடித்தது. எழுபது ஆண்டுகளுக்குப் பின் அதே ஊரில், அதே மொழியில் மற்றோர் அச்சுத்தாள் வெளிவந்தது. இது சன்னலில் வைத்து ஊரைப் பிரிக்கும் தாள் அன்று. எல்லா வீட்டு வாயிலுக்கும் ஒன்றுபோற் சென்ற தாள்.

அவ்விதழுக்கு இட்ட பெயரும் கருதத்தக்கது. 'லைஸ் ஓக்வன்' என்பது அதன் பெயர். 'ஓக்வனின் குரல்' என்பது பொருள். ஏட்டு வழக்கில் அவ்வாற்றின் பெயர் 'ஓக்வென்'. ஆனால், அப்பகுதி மக்கள் 'ஓக்வன்' என்றே உச்சரிப்பர். இதழின் நெற்றியில் ஏட்டு வழக்கைப் பொறிக்காது மக்கள் வழக்கையே பொறித்தனர். தம் பேச்சு அச்சுக்குத் தகாதது என்று நாணியிருந்த முதியவர் ஒருவர், அத்தலைப்பைக் கண்டவுடன் என்ன எண்ணியிருப்பார்? இது தம்முடைய இதழ் என்று எண்ணியிருப்பார் அன்றோ? ஒரே ஓர் எழுத்தில் ஓர் அழைப்பு அடங்கியிருந்தது.

பிற ஊர்களும் இவ்வாறே தம் மண்ணிலிருந்து பெயர்களைத் தேடிக்கொண்டன. டாலபாண்ட் என்னும் சிற்றூரின் இதழ் 'எல்லாருடைய தாள்' என்று பெயர் பெற்றது. ஒன்று 'குதிரை லாடம்' எனப்பட்டது. ஒன்று 'கதிர் பொறுக்குபவன்' எனப்பட்டது. மற்றொன்று 'பண்ணை வண்டி' எனப்பட்டது. ஸ்னோடன் மலையடிவாரத்து இதழ் அம்மலையின் 'எதிரொலி' ஆயிற்று. ஈரநிலத்தில் வெண்பஞ்சு போலப் பூக்கும் புல்லின் பெயரையும் ஓர் இதழ் ஏற்றது. அறுவடைக்குப் பின் வயலில் சிதறிய கதிர்களைப் பொறுக்குபவன், பெரிய இதழ்கள் விட்டுச்சென்ற செய்திகளைப் பொறுக்கும் சிற்றிதழுக்கு எத்துணைப் பொருத்தமான உவமை!

ஆர்வம் மட்டும் இருந்தால் இதழ் வெளிவந்துவிடுமா? அச்சுக்கலையில் நிகழ்ந்த ஒரு மாற்றம் இம்முயற்சிக்குப் பெருந்துணை ஆயிற்று. பழைய முறையில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிட வேண்டும். அதற்குப் பயின்ற தொழிலாளரும் பெருஞ்செலவும் வேண்டும். 'ஆப்செட்' என்னும் புதிய முறையில் அவ்வருமை இல்லை. தட்டச்சு செய்த பத்திகளைக் கத்தரித்து, ஒரு பெரிய தாளில் பசையால் ஒட்டி, படங்களையும் தலைப்புகளையும் உரிய இடத்தில் அமைத்தால் போதும். அத்தாளை ஒளிப்படம் எடுத்துத் தகட்டில் பதித்து அச்சிடுவர். கத்தரியும் பசையும் பொறுமையும் உடையவர் எவரும் பக்கம் அமைக்கலாம். டாலபாண்டில் 1967இல் ரோபட் கிரிஃபித் என்பவர் தொடங்கிய 'லோல்வா' என்னும் சிறு அச்சகம் இம்முறையைக் கையாண்டது. ஊரிலேயே அச்சகம் இருந்தது அவ்வூர் இதழுக்குப் பெரும்பேறு ஆயிற்று.

இத்தகைய இதழ் ஒன்று திங்கள்தோறும் உருவாகும் முறை அறியத்தக்கது. முதலில் ஒரு குழு அமையும். ஆசிரியர், பொருளாளர், விளம்பரம் திரட்டுபவர், ஒளிப்படம் எடுப்பவர், தட்டச்சு செய்பவர் என்று பணிகளைப் பங்கிட்டுக்கொள்வர். எவருக்கும் ஊதியம் இல்லை. பள்ளி ஆசிரியர், செவிலியர், உழவர், கடைக்காரர், ஓய்வுபெற்றோர் எனப் பலரும் அக்குழுவில் இருப்பர். சுமை ஒருவர்மேலேயே விழாதிருக்கும்பொருட்டுப் பல இதழ்களில் ஆசிரியப் பொறுப்பு மாறி மாறி வரும்.

சுற்றியுள்ள ஒவ்வொரு சிற்றூருக்கும் ஒரு செய்தியாளர் உண்டு. அவர் பெரும்பாலும் ஊரில் எல்லாரையும் அறிந்த ஒருவர். பிறந்த குழந்தை, மணந்த இணையர், மறைந்த முதியவர், நோயுற்றுத் தேறியவர், தேர்வில் வென்ற மாணவர் ஆகியோரின் செய்திகளை அவர் திரட்டி எழுதுவார். பள்ளி தன் பக்கத்தை அனுப்பும். கால்பந்துக் குழு தன் வெற்றியையும், வெற்றி இல்லாத திங்களில் தன் முயற்சியையும் எழுதும். இளம் உழவர் மன்றம், மகளிர் இயக்கம், வழிபாட்டுக் கூடம் ஆகிய அனைத்தும் தத்தம் செய்திகளைத் தரும். சமையற்குறிப்பு, குறுக்கெழுத்துப் போட்டி, பழைய ஒளிப்படம், ஊர் வரலாறு ஆகியனவும் இடம்பெறும். 'ஐஸ்டெத்வொட்' எனப்படும் கலைவிழாக்களில் பரிசு பெற்றோர் பட்டியலும் தவறாது வரும். பெயர்கள் நிறைந்த அப்பட்டியல் வெளியார்க்குச் சுவையற்றது. பெயருக்கு உரியவர் வீட்டிலோ அது கத்தரித்து வைக்கப்படும் செல்வம்.

அச்சிட்ட தாள்கள் வந்ததும், ஒரு மாலைப்பொழுதில் ஊர்க்கூடத்தில் தொண்டர்கள் கூடுவர். இதனை 'மடிப்பு மாலை' என்பர். நீண்ட மேசைகளின்மேல் தாள்கள் அடுக்கப்பட்டிருக்கும். ஒருவர் எடுத்துத் தர, ஒருவர் வரிசைப்படுத்த, ஒருவர் மடிக்க, ஒருவர் எண்ணிக் கட்ட, வேலை விரைந்து நடைபெறும். கை மடித்துக்கொண்டிருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், இடையே தேநீர் வரும். எழுதத் தெரியாதவர்க்கும், கூட்டத்தில் பேசக் கூசுபவர்க்கும் அங்கே பணி உண்டு. அடுத்த இதழுக்கு வேண்டிய செய்திகளுள் சில அம்மேசையருகிலேயே பிறப்பதும் உண்டு. பின்னர்த் தொண்டர்கள் தத்தம் தெருவிற்கு உரிய கட்டுகளைச் சுமந்து சென்று வீடுதோறும் விற்பர். இலண்டனிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் ஊரார்க்கு அஞ்சலில் அனுப்புவர். கோடையில் ஓய்வு கொண்டு, ஆண்டுக்குப் பத்து இதழ்கள் வெளியிடுவது பலருடைய வழக்கம்.

செலவுக்குப் பொருள் எங்கிருந்து வரும்? விற்ற காசு ஒரு பங்கு. ஊர்க் கடைகளும் தொழிலகங்களும் தரும் விளம்பரம் ஒரு பங்கு. தேநீர் விருந்தும் கலைநிகழ்ச்சியும் நடத்தித் திரட்டுவது ஒரு பங்கு. அரசும் பொது அமைப்புகளும் அளிக்கும் சிறு நன்கொடை ஒரு பங்கு. இலாபம் என்னும் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. அச்சகத்தார்க்குக் கடன் இல்லாதிருந்தால் அதுவே பெருஞ்செல்வம்.

இவ்விதழ்களின் பயன் யாது? முதலாவது, மக்கள் தம் தாய்மொழியைப் படிக்கலாயினர். அரசியல் கட்டுரையை வெல்ஷ் மொழியில் படிக்க அஞ்சியவர், தம் அண்டை வீட்டாரின் பொன்விழாச் செய்தியை அம்மொழியிலேயே படித்தார். பொருள் தெரிந்த செய்தி ஆதலின் சொல் தடுக்கவில்லை. மனிதரை அறிந்தவர்க்கு எழுத்து எளிதாயிற்று. இரண்டாவது, மக்கள் எழுதலாயினர். பள்ளியைவிட்ட பின் வெல்ஷ் மொழியில் ஒரு வரியும் எழுதாதவர், மன்றச் செய்தி எழுதும் கடமை வந்தபோது எழுதுகோலை எடுத்தனர். பிழை நேர்ந்தால் ஆசிரியக் குழுவினர் திருத்தினர், பழிக்கவில்லை. மூன்றாவது, அம்மொழியைப் புதிதாகக் கற்போர்க்கு இவ்விதழ் ஒரு வாயில் ஆயிற்று. வெளியூரிலிருந்து குடியேறியவர், இதழின் எளிய பகுதிகளைப் படித்துத் தாம் வாழும் ஊரையும் அதன் மொழியையும் ஒருங்கே அறிந்தனர்.

இவற்றிற்குக் குறைகளும் உண்டு. ஊரார் ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது இதழுக்கு வலிமை. அதுவே தளையும் ஆகும். நாள்தோறும் முகம் காண வேண்டியவர்மீது குற்றம் கூற எவர் முன்வருவர்? ஆதலின், இவ்விதழ்கள் பூசலைத் தவிர்த்து நல்ல செய்திகளையே மிகுதியும் தருகின்றன என்று சிலர் குறை கூறுவர். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. மேலும், தொடக்கத்தில் உழைத்தவர்கள் முதுமை எய்தினர். அவர் இடத்தை நிரப்ப இளைஞர் எல்லா ஊர்களிலும் எளிதிற் கிடைக்கவில்லை. வேலை தேடி இளையோர் வெளியேறும் ஊர்களில் இத்துன்பம் மிகுதி. ஊதியம் பெறுபவர் விலகினால் வேறொருவரை அமர்த்தலாம். அன்பினால் உழைப்பவர் விலகினால் அந்த அன்பை எங்கே சென்று அமர்த்துவது?

ஆயினும், இச்சிற்றிதழ்கள் பெரிய முயற்சிகள் பெறாத ஒன்றைப் பெற்றன. வெல்ஷ் மொழியில் 'உலகம்' என்னும் பெயரால் ஒரு நாளிதழ் தொடங்க இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்வலர்கள் பெரிதும் முயன்றனர். போதிய பொருள் கிட்டாமையால் 2008ஆம் ஆண்டில் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஓர் இதழும் வெளிவராமலே 'உலகம்' முடிந்தது. தாமஸ் ஜீயின் புகழ்பெற்ற இதழும் 1992இல் நின்றுவிட்டது. 'எல்லாருடைய தாள்', 'ஓக்வனின் குரல்' முதலிய சிற்றிதழ்களோ அவற்றைக் கடந்தும் நடந்தன. 1973இல் ஒன்றாகத் தொடங்கிய இவ்விதழ்கள் ஐம்பதுக்கு மேற்பட்டனவாகப் பெருகி நாடெங்கும் பரவின. பேரிதழ் பெருஞ்செல்வத்தை நம்பியிருந்தது. சிற்றிதழ் பலருடைய சிறு உழைப்பை நம்பியிருந்தது. செல்வம் ஓரிடத்தில் வற்றினால் வேறு வழி இல்லை. உழைப்போ ஒருவரிடம் குறைந்தால் மற்றொருவரிடம் ஊறும்.

காலத்திற்கு ஏற்பக் கருவிகளும் மாறின. கத்தரியும் பசையும் இருந்த இடத்தில் கணினி வந்தது. 2020இல் பெருந்தொற்றுப் பரவி மக்கள் வீட்டிற்குள் அடங்கியபோது, வீடுதோறும் சென்று விற்க இயலாமையால், பல இதழ்கள் இணையத்தின் வழியாக வாசகரை அடைந்தன. கூட்டமும் விழாவும் இல்லாத அந்நாள்களிலும் எழுதுவதற்குச் செய்தி இருந்தது. ஊர் இருக்கும் வரை ஊர்ச் செய்தி இல்லாமற் போவதில்லை.

வெல்ஷ் மொழி முற்றும் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று கூறுதற்கு இல்லை. 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி அதனைப் பேசுவோர் நூற்றுக்கு 17.8 பேர், தொகையில் ஏறத்தாழ 5,38,000 பேர். இச்சிற்றிதழ்களால் மட்டும் இறங்குமுகத்தைத் தடுத்துவிட இயலவில்லை. பள்ளிகளும் சட்டங்களும் தொலைக்காட்சியும் அம்மொழிக்குத் துணை நின்றும் போராட்டம் ஓயவில்லை. எனினும், சாண்டர்ஸ் லூயிஸ் அஞ்சிய நூற்றாண்டு பிறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும், பெத்தெஸ்டாவிலும் டாலபாண்டிலும் கடைவீதியில் வெல்ஷ் ஒலிக்கின்றது. அவ்வூர் மக்கள் தம் மக்களின் பிறப்பையும் மணத்தையும் மறைவையும் அம்மொழியிலேயே அச்சிற் காண்கின்றனர்.

மொழியைக் காப்பவர் பெரும்புலவர் மட்டும் அல்லர். பேரரசு மட்டும் அன்று. மாலைப்பொழுதில் ஊர்க்கூடத்தில் அமர்ந்து தாள் மடிக்கும் கைகளும் அதனைக் காக்கின்றன. மழையில் நனைந்தபடி வீடுதோறும் சென்று இதழ் கொடுக்கும் கால்களும் அதனைக் காக்கின்றன. ஒரு காலத்தில் வெல்ஷ் பேசிய சிறுவனின் கழுத்தில் மரத்துண்டு தொங்கியது. இன்று அவன் கொள்ளுப்பேரன், பள்ளிப் போட்டியில் வென்ற செய்தியோடு தன் பெயரை அதே மொழியில் அச்சிற் காண்கிறான். பேச நாணிய மொழியைப் பெருமையோடு படிக்கச் செய்தது ஒரு சிற்றிதழ். சிறியோர் பலர் கூடிச் செய்த சிறிய தொண்டு இவ்வாறு பெரிய பயனை விளைத்தது.

வினாக்கள்

1. வெல்ஷ் மக்கள் தம் மொழியை எழுத நாணியது ஏன்?
2. 'ஓக்வென்' என்னும் பெயரை 'ஓக்வன்' என்றே இதழின் தலைப்பில் பொறித்ததன் சிறப்பு யாது?
3. வட்டார இதழ் ஒன்று திங்கள்தோறும் உருவாகும் முறையை விளக்கி எழுதுக.
4. பெரிய நாளிதழ் முயற்சி நின்றுபோக, சிற்றிதழ்கள் நிலைத்ததற்குக் காரணம் யாது?
5. உங்கள் ஊருக்கு ஓர் இதழ் தொடங்குவதாயின், முதல் இதழில் இடம்பெற வேண்டிய செய்திகள் ஐந்தினைத் திரட்டி எழுதுக.